பதினாலாம் நம்பர் விளக்கு

இது நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டதில்லை. நான் அங்கே நின்றேன், என் கையில் வாட்ச் இருந்தது, மணி பார்த்தேன். பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை என்று எதிர்பார்ப்பீர்கள். இது பட்டப்பகல். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு இருபதுக்கு ஆரம்பித்து இரண்டு இருபத்தாறுக்கு முடிந்தது. ஆறே நிமிஷம். அந்த ஆறு நிமிஷத்துக்குப் பின்னால் பதினோரு வருஷம் இருக்கிறது. அதையும் சொன்னால்தான் இது விளங்கும். சொல்ல நாக்கு கூசுகிறது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலை செய்வது அட்டை மில்லில். பழைய காகிதம் லாரி லாரியாக வரும். அதைத் தொட்டியில் கொட்டி, தண்ணீர் விட்டு அடித்துக் கூழாக்குவோம். தொட்டி என்றால் இரண்டு ஆள் ஆழம். அடியில் ஒரு இரும்பு விசிறி, ரோட்டர் என்போம். அது சுற்றினால் எவ்வளவு தடிப் புத்தகமும் நாலு நிமிஷத்தில் கஞ்சி. காகிதத்தோடு கம்பி, கயிறு, பிளாஸ்டிக் எல்லாம் வந்து ரோட்டரில் சுற்றிக்கொள்ளும். அப்போது நிறுத்தி, தண்ணீரை வடித்து, ஒரு ஆள் ஏணியில் இறங்கி அறுத்து எடுக்க வேண்டும். ஒரு ஷிப்டில் நாலு தடவையாவது.

இறங்குகிற ஆளுக்காக அப்போதெல்லாம் சுவரில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அதில் ஒரு பொத்தான். இறங்கும்போது ஒரு அமுக்கு, ஏறி வந்ததும் ஒரு அமுக்கு. முதல் அமுக்குக்கு என் மேஜையில் மஞ்சள் விளக்கு எரியும். உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். அது எரிகிறவரை ரோட்டர் ஓடாது. இரண்டாவது அமுக்குக்கு அணையும். எவன் இறங்கினானோ அவனேதான் அமுக்க வேண்டும். அடுத்தவன் அவனுக்காக அமுக்கக் கூடாது. மேனேஜரே வந்தாலும் எங்களிடம் இந்தச் சட்டம் மாறாது.

பொத்தானுக்கும் விளக்குக்கும் ரோட்டருக்கும் நடுவில் இருந்து எல்லாவற்றையும் தீர்மானிப்பது கண்ட்ரோலர். பீரோ மாதிரி ஒரு பேனலுக்குள் வரிசையாகச் சர்க்யூட் அட்டைகள், ஒவ்வொரு அட்டையிலும் பொடிப்பொடியாகச் சிவப்பு விளக்குகள். நாங்கள் அதைப் ‘பெட்டி’ என்போம். எது முதலில் ஓடணும், எது எப்போது நிற்கணும் என்று யாரோ ஒரு காலத்தில் வரிவரியாக எழுதி உள்ளே வைத்தது. இருபத்தாறு வருஷம் மூச்சு விடாமல் ஓடியது.

போன வருஷம் அதற்கு வயசாகிவிட்டது. அட்டை கெட்டால் வாங்கக் கிடைக்கவில்லை. செய்தவர்களே செய்வதை விட்டுவிட்டார்கள். புதுப் பெட்டி வாங்கி, பழையதில் இருக்கிற வரிகளைப் புதியதற்குப் புரிகிற மாதிரி மாற்றி ஏற்ற வேண்டும். அதற்கு ஒரு இன்ஜினியர் அம்மா வந்தார். நாற்பது வயசு இருக்கும். லேப்டாப், ஒரு பிளாஸ்க், காதோரம் செருகின பென்சில். எந்த ஒயர் எங்கே போகிறது என்று காட்ட மில்லில் மிச்சம் இருந்த ஆள் நான் ஒருவன்தான். என்னை அவரோடு அனுப்பினார்கள்.

வெள்ளிக்கிழமை. பழைய பெட்டியிலிருந்து எல்லா வரியையும் உருவித் தாளில் அச்செடுத்தார். நாற்பத்தோரு தாள். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

“அண்ணா, இது எதுக்கு?”

“அது பம்ப் மேடம்.”

“இது?”

“மேல பெல்ட்டு.”

“பேரு எழுதி வெச்சிருந்தா ஒரு நாள்ல முடிச்சிருப்பேன். எழுதினவரு பேரெல்லாம் தன் கம்ப்யூட்டர்லயே வெச்சுக்கிட்டுப் போய்ட்டாரு. பெட்டிக்குள்ள வெறும் நம்பர்தான். செத்தவங்க அலமாரியத் திறந்த மாதிரி இருக்குண்ணா. எல்லாம் இருக்கு, எது எதுக்குன்னு சொல்ல ஆள் இல்ல.”

நான் சிரித்தேன். அடுத்த தாளில் சிரிப்பு நின்றது.

“இந்தப் பதினாலாம் நம்பர் எதுக்கு? வெளியேருந்து ஒரு பொத்தான் வருது. ஒரு விளக்கு எரியுது, ரோட்டர் நிக்குது. அது புரியுது. கூடவே ஒரு எண்ணிக்கை ஓடுது பாருங்க. ஒவ்வொரு அமுக்குக்கும் ஒண்ணு ஏறுது. அத வெச்சு எதுவும் நடக்கல. சும்மா நாலாயிரத்து முந்நூத்திப் பதினேழுல நிக்குது.”

எனக்குத் தெரியும். தொட்டி எத்தனை தடவை அடைக்கிறது என்று ஆபீசுக்குக் காட்ட, பொத்தானை எடுப்பதற்கு ஆறு மாசம் முன்னால் எங்கள் பழைய எலக்ட்ரீஷியன் போட்டு வைத்தது. ஆபீசில் ஒருத்தரும் கேட்கவில்லை. அது பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருந்தது.

“அந்தப் பொத்தானே இப்ப இல்ல மேடம். ஒயர வெட்டிப் பதினோரு வருஷம் ஆச்சு. இப்ப தொட்டியச் சுத்திக் கேட்டும் பூட்டும்தான். எடுத்துருங்க.”

“காரணம் தெரியாத வரிய நான் அழிக்கறதில்லண்ணா. எவனோ எங்கயோ அடிபட்டுத்தான் ஒவ்வொரு வரியையும் எழுதியிருப்பான்.”

“இதுல ஒண்ணும் இல்ல மேடம்.”

“நிச்சயமா?”

“நிச்சயமா.”

பென்சிலால் ஒரு கோடு போட்டு அடித்தார். எனக்கு நெஞ்சில் அடித்த மாதிரி இருந்தது. ஆனாலும் ஒரு ஓரத்தில்... அப்பாடா என்றும் இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன்.

என் தங்கை புருஷன் அதே மில்லில், அதே தொட்டியில் வேலை பார்த்தான். ‘முழங்கை’ என்றால் மில்லுக்கே தெரியும். கை எப்போதும் கூழாக இருக்கும் என்று எதையும் முழங்கையால்தான் தொடுவான். கதவு முழங்கையால், குழாய் முழங்கையால், பொத்தானும் முழங்கையால். வீட்டுக்கு வந்தால் கை சுத்தமாக இருந்தாலும் காலிங் பெல்லை முழங்கையால்தான் அமுக்குவான். “கல்யாணத்தன்னிக்கு ரிஜிஸ்டர்லயும் முழங்கையாலதான் கையெழுத்துப் போட்டாரு” என்று தங்கை கிண்டல் பண்ணுவாள். தொட்டியில் இறங்குமுன் என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று சொல்வான்.

“மச்சான், லைட்டப் பாத்துக்க.”

“போ மாப்பிள, நான் இருக்கேன்.”

ஒவ்வொரு தடவையும் அதேதான்.

அந்தப் பொத்தான் பெட்டிக்குள் ஈரம் இறங்கும். ஆள் ஏறி வந்து அமுக்கினாலும் சில நாள் விளக்கு அணையாது. வேலை நின்றுவிடும். அதற்கு எலக்ட்ரீஷியன் எனக்கு ஒரு குறுக்கு வழி காட்டிக் கொடுத்திருந்தார். சுருள் ஒயரில் தொங்குகிற கையளவுப் பலகை ஒன்று உண்டு, நிறையப் பட்டன். ஐந்து பட்டனை வரிசையாகத் தட்டினால் பெட்டி அந்த விளக்கைக் கண்டுகொள்ளாது. ‘கண்ணைக் கட்டுறது’ என்று பேர் வைத்திருந்தோம். பட்டனில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அப்போது எனக்கு எழுத்தே தெரியாது. மேல் வரிசையில் மூன்றாவது, ஒன்று கீழே, ஓரத்துச் சிவப்பு, மறுபடி மேலே, கடைசியில் பெரியது. விரலே பழகிவிட்டது. நாளுக்கு இரண்டு தடவை கட்டுவேன்; ஈரம் காய்ந்து, இறங்கினவன் மறுபடி அமுக்கி விளக்கு அணைந்ததும் அவிழ்ப்பேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்து ஐம்பது. டீ குடித்துவிட்டு வந்தேன். மஞ்சள் விளக்கு எரிந்தது. அன்றைக்கு அதற்குள் இரண்டு தடவை மாட்டிக்கொண்டு எரிந்த விளக்கு. இன்டர்காமில் சூப்பர்வைசர், “அங்க என்ன, தூங்குறியா? இங்க அட்டை அறுந்து தொங்குது” என்றார். என் மேஜையிலிருந்து தொட்டிக்குப் பன்னிரண்டு எட்டு. நடந்து போய் எட்டிப் பார்த்திருக்கலாம்.

பன்னிரண்டு எட்டு.

நான் கண்ணைக் கட்டினேன். ரோட்டரைப் போட்டேன்.

முதல் சுற்றிலேயே சத்தம் வேறாக இருந்தது. அந்தச் சத்தத்தை எழுத மாட்டேன்.

நிறுத்தினேன். கண்ணைக் கட்டினது தெரியக் கூடாது என்று ஆட்கள் ஓடிவருமுன் அவிழ்த்தேன். மஞ்சள் விளக்கு மறுபடி எரிந்தது. அது எரிந்தால் நான் மாட்டுவேன். பேனலின் மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டேன். விளக்கு போய்விட்டது. விசாரணையில் கேட்டார்கள், “விளக்கு எரிஞ்சுதா?”

“எரியல.”

பெருவிரல் ரேகை வைத்தேன்.

அவன் பொத்தானை அமுக்கவில்லை என்று முடிவாயிற்று. அதன்பிறகு அந்தப் பொத்தானை யாரும் அமுக்கவில்லை; ஒயரை வெட்டிவிட்டுக் கேட் போட்டார்கள். மாசத்தின் முதல் திங்கட்கிழமை பாதுகாப்புக் கூட்டத்தில் இன்றைக்கும் அவன் கதையைத்தான் சொல்கிறார்கள். “ஒரு வினாடி சோம்பல் பட்டான், உயிரே போச்சு” என்பார்கள். நானும் உட்கார்ந்து தலையாட்டுவேன். பிறகு யூனியன் அறையில் நடந்த மாலை வகுப்பில் எழுத்துக் கற்றுக்கொண்டேன். அப்போது எனக்கு நாற்பத்து நாலு வயசு. முழுசாக எழுத்துக்கூட்டிப் படித்த முதல் தாள் அந்த விசாரணைத் தாள். ‘இறந்தவரின் கவனக்குறைவு’ என்று இருந்தது. கீழே என் பெருவிரல்.

தங்கை என் வீட்டுக்கே வந்துவிட்டாள். எனக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. அவள்தான் சமைக்கிறாள். அலமாரியில் அவன் போட்டோ. தூசி தட்டும்போதெல்லாம் அவனிடம் சண்டை பிடிப்பாள். “ஒரு பொத்தான். அத அமுக்க உங்களுக்கு அவ்ளோ வலிச்சுதா?” பதினோரு வருஷமாக அதே கேள்வி. நான் பக்கத்து அறையில் உட்கார்ந்து அவள் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

எல்லாம் அந்தப் பெட்டியோடு ஒழிந்துவிடும் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. மில் முழுக்க நிறுத்தம். ரோட்டர் மோட்டாருக்குக் கரண்ட் வெட்டிப் பூட்டுப் போட்டாயிற்று. தொட்டி வெள்ளிக்கிழமையே வடித்துக் காயப்போட்டது. தொட்டிக் கேட்டின் சாவி என் சட்டைப்பையில். பதினொன்று நாற்பதுக்குப் பழைய பெட்டியைப் பேனலிலிருந்து கழற்றி, பக்கத்து மேஜைமேல் வைத்தோம். எந்த ஒயரும் அதில் இல்லை. பிடுங்கின பல் மாதிரி கிடந்தது. கடைசியாக ஒரு தடவை பிரதி எடுக்க வேண்டும் என்று இன்ஜினியர் அம்மா அதற்குக் கரண்ட் மட்டும் ஒரு எக்ஸ்டென்ஷன் போர்டிலிருந்து கொடுத்திருந்தார். ஒன்று ஐம்பதுக்குப் புதுப் பெட்டிக்கு உயிர் கொடுத்தோம்.

இரண்டு பதினைந்துக்கு அவர் டிரான்ஸ்பார்மர் ரூமுக்குப் புறப்பட்டார். என் கையில் ஒரு வாக்கி-டாக்கி கொடுத்தார்.

“நான் அங்கேருந்து ஒவ்வொண்ணாப் போடுறேன். இங்க எந்த விளக்கு எரியுதோ நம்பரச் சொல்லுங்க. எதுவும் எரியலன்னா எரியலன்னு சொல்லுங்க. அவ்ளோதான்.”

“சரி மேடம்.”

“பயமா இல்லையே தனியா?”

“இருபத்தொம்போது வருஷம் இங்கதான் மேடம் கெடக்கேன். பேய்க்குத்தான் என்னப் பாத்துப் பயம்.”

சிரித்துக்கொண்டே போனார்.

மிஷின் நின்ற மில்லைப் பார்த்திருக்கிறீர்களா? காது அடைக்கும். கூரைத் தகடு வெயிலில் விரிகிற சத்தம்கூடக் கேட்கும். ஜன்னல் கண்ணாடியெல்லாம் காகிதத் தூசி படிந்து மங்கல். பகல் இரண்டு மணிக்கு ஆறு மணி வெளிச்சம்.

நான் புதுப் பெட்டியைப் பார்த்தபடி ஸ்டூலில் உட்கார்ந்தேன். எல்லா விளக்கும் இருட்டு.

இரண்டு இருபது.

டக்.

சின்னச் சத்தம். புதுப் பெட்டியைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கூரைத் தகடாக இருக்கும் என்று நினைத்தேன்.

பிறகு மூக்கில் ஏறியது. ஈரக் கூழ் வாசனை. ஊறின காகிதம் புளித்த வாசனை. இரண்டு நாளாகத் தொட்டி காய்ந்து கிடக்கிறது. எங்கிருந்து வருகிறது?

திரும்பினேன்.

மேஜைமேல் கிடந்த பழைய பெட்டியில் ஒரு சிவப்புப் பொட்டு. ஒரே ஒரு விளக்கு. கிட்டே போய் எண்ணினேன். எனக்கு எண்ண வேண்டியதே இல்லை. இருந்தும் விரல் வைத்து எண்ணினேன்.

பதினாலு.

அந்த அட்டையில் ஒரு ஒயரும் கிடையாது. நானே காலையில் கழற்றினேன். அட்டையைத் தூக்கி அடியில் பார்த்தேன். வெறும் திருகுகள். விளக்கு எரிந்தது. மினுக்கவில்லை, நடுங்கவில்லை. யாரோ பொத்தான்மேல் கையை வைத்து... எடுக்காமல் நிற்கிற மாதிரி.

இரண்டு இருபத்திரண்டு.

தொட்டிப் பக்கம் சொட்டுச் சத்தம். சொட்... சொட்...

ஓடியிருக்கலாம். கால் வெளியே போகவில்லை. தொட்டிப் பக்கம்தான் போயிற்று. ஒன்று. இரண்டு. மூன்று. அன்றைக்கு நடக்காத பன்னிரண்டு எட்டையும் இப்போது நடந்தேன்.

கேட் பூட்டித்தான் இருந்தது. கம்பி வழியாகப் பார்த்தேன். உள்பக்கத் தரையில் ஈரக் கால் தடம். ஏணியின் மேல் படியிலிருந்து கேட் வரை. கூழ் ஒட்டின தடம். விரலெல்லாம் என் பக்கம் பார்த்து இருந்தது. மேலே ஏறி வந்த தடம். திரும்பிப் போன தடம் இல்லை.

பழைய பொத்தான் பெட்டியைப் பிடுங்கின இடத்தில் சுவரில் நாலு திருகு ஓட்டைதான் இருக்கும். அந்த நாலு ஓட்டைக்கு நடுவில் வெள்ளையாக ஒரு அப்பல். புதுக் கூழ். வழிந்துகொண்டிருந்தது.

விரல் அடையாளம் இல்லை. உள்ளங்கை இல்லை. உருண்டையாக, நடுவில் குழிந்து...

முழங்கை.

வாக்கி-டாக்கி கரகரத்தது. உயிரே போய் வந்தது.

“அண்ணா, எதாச்சும் எரியுதா?”

இரண்டு இருபத்து நாலு.

என் வாய் என்ன சொல்லிற்று தெரியுமா? இத்தனையும் பார்த்துக்கொண்டு நின்றவன்...

“எரியல மேடம்.”

அதே சொல். அதே வாய்.

கரகரப்பு நிற்கவில்லை. அவர் பதில் வரவில்லை. உள்ளே தண்ணீர் அலம்புகிற சத்தம். அப்புறம் மூச்சு. ஏணி ஏறி வந்தவன் வாங்குகிற மூச்சு.

“மச்சான்...”

என் கையில்தான். என் கைக்குள்ளிருந்துதான்.

“...லைட்டப் பாத்தியா?”

கோபமாகச் சொன்னால் தாங்கியிருப்பேன். கோபமே இல்லை. தினமும் கேட்கிற மாதிரி கேட்டான்.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். வாக்கி-டாக்கிப் பட்டனை அமுக்கினேன்.

“எரியுது.”

மறுபடி சொன்னேன்.

“எரியுது. பதினாலு எரியுது. அன்னிக்கும் எரிஞ்சுது. நான் பாத்தேன் மாப்பிள. பாத்தேன்.”

பின்னால், மேஜைப் பக்கம்...

டக்.

கேட் திறக்கவில்லை. பூட்டு அசையவில்லை. ஆனால் என் வலது தோளை உரசிக்கொண்டு ஒன்று போயிற்று. ஈரம். குளிர். சட்டை நனைந்தது.

வாட்சைப் பார்த்தேன்.

இரண்டு இருபத்தாறு.

இன்ஜினியர் அம்மா ஓடி வந்தபோது நான் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தேன். பழைய பெட்டி இருட்டாகக் கிடந்தது. கேட்டுக்கு உள்ளே தரை காய்ந்திருந்தது. சுவரில் நாலு ஓட்டை மட்டும்.

“என்னண்ணா ஆச்சு? முதல்ல எரியலன்னீங்க. அப்புறம் வெறும் தண்ணி சத்தம். அப்புறம் எரியுதுன்னு அழுவுறீங்க.”

“வேற யாரும் பேசுனது கேக்கலையா மேடம்?”

“வேற யாரு?”

தண்ணீர் கொடுத்தார். குடித்தேன். அவர் வேலையைத் தொடர்ந்தார். பழைய பெட்டியில் லேப்டாப்பை மாட்டிக் கடைசிப் பிரதி எடுத்தார். வெள்ளிக்கிழமைத் தாளோடு ஒப்பிட்டார். ஒரு இடத்தில் பென்சில் நின்றது.

“இது எப்படி? வெள்ளிக்கிழம நாலாயிரத்து முந்நூத்திப் பதினேழு. இப்ப பதினெட்டு. ஒயரே இல்லாம ஒண்ணு ஏறியிருக்கு.” உதட்டைப் பிதுக்கினார். “பழைய அட்டை. ஏதோ கோளாறு.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இறங்க ஒன்று, ஏற ஒன்று. எல்லோரும் வெளியே வந்திருந்தால் அது எப்போதும் இரட்டைப்படையில்தான் நிற்கும். கண்ணைக் கட்டினாலும் அது எண்ணுவதை நிறுத்தாது. மெயினை அணைத்தால் விளக்குதான் போகும், எண்ணிக்கை போகாது. பெட்டிக்குள் ஒரு பேட்டரி அதைக் காக்கும். வருஷா வருஷம் அந்தப் பேட்டரியை மாற்றினது நான்.

பதினோரு வருஷம் ஒற்றைப்படையில் நின்றது. அமுக்கிவிட்டு இறங்கினவன் ஏறி வந்து அமுக்கவில்லை என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது. அவன் அமுக்கினதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி. அதைத்தான் நான் எடுத்துருங்க என்றேன்.

“மேடம், அந்த வரிய அழிக்காதீங்க” என்றேன். “அதுக்குக் காரணம் இருக்கு.”

காரணத்தைச் சொன்னேன். முழுசாக. கடைசியில் அவர் இரண்டு தாளையும் மடித்து என் கையில் கொடுத்தார். “இத மொதல்ல ஆபீசுக்குக் குடுக்காதீங்க. வீட்டுக்குக் குடுங்க” என்றார்.

பஸ்ஸில் வீட்டுக்கு நாற்பது நிமிஷம். வழியெல்லாம் தாளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். நேர்மையாகச் சொல்கிறேன், இறங்கும்போது நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன்.

தங்கை வாசலிலேயே நின்றிருந்தாள். கையில் துணி இல்லை, துடைப்பம் இல்லை. சும்மா நின்றிருந்தாள்.

“அண்ணே, நீ மத்தியானம் வந்தியா?”

“இல்லையே. ஏன்?”

“பெல் அடிச்சுது. ரெண்டரைக்கு மாத்திரை போடணும்னு கடிகாரத்தப் பாத்துட்டே இருந்தேன். ரெண்டு இருபத்தேழு. போய்த் திறந்தா யாரும் இல்ல. இதப் பாரு.”

காலிங் பெல் சுவிட்சைக் காட்டினாள்.

வெள்ளையாக ஒரு அப்பல். வழிந்து, சுவரில் ஒரு கோடு இறங்கியிருந்தது. நடுவில் குழிவு. அந்தக் குழிவுக்குள் தோல் மடிப்பு வரிவரியாகப் பதிந்திருந்தது.

அந்த வீட்டுக்கு நாங்கள் குடி வந்து ஏழு வருஷம்தான் ஆகிறது. அவன் அதைப் பார்த்ததே இல்லை.

அங்கேயே, வாசலிலேயே சொன்னேன். டீ குடிக்கப் போனதிலிருந்து பெருவிரல் வைத்ததுவரை. இரண்டு தாளையும் கொடுத்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியும், எனக்கு முன்னாலேயே தெரியும். பதினேழைப் பார்த்தாள். பதினெட்டைப் பார்த்தாள். என்னை அடிப்பாள் என்று நின்றேன். அடிக்கவில்லை.

“அமுக்கிட்டுத்தான் இறங்குனாரு.”

“ஆமா.”

“இப்ப வெளிய வந்துட்டாரு.”

“ஆமா.”

உள்ளே போய்விட்டாள். அலமாரியிலிருந்த போட்டோவைக் கையில் எடுத்தாள். அப்புறம் மெதுவாக, “நான் என்னென்ன பேசிட்டேன்...” என்றாள். அவனிடம் சொன்னாள். என்னிடம் இல்லை.

மறுநாள் நான் ஆபீசில் எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்தில், ரேகை இல்லாமல். அவர்கள் என்ன செய்கிறார்களோ செய்யட்டும். இப்போது முதல் திங்கட்கிழமைகளில் வேறு கதை சொல்கிறார்கள். அதில் வருகிறவன் நான். தங்கை இன்னும் எனக்குச் சாப்பாடு போடுகிறாள். அந்த நாளுக்குப் பிறகு ஒரு தடவைகூட ‘அண்ணே’ என்று கூப்பிடவில்லை. அது எனக்கு நியாயம்தான்.

இன்னொன்று இருக்கிறது. அதைச் சொல்லி முடிக்கிறேன்.

கூழ் காய்ந்தால் காகிதம். எங்கள் தொழிலே அதுதான். வெயிலில் ஒரு நாள் போதும். பெல் சுவிட்சில் இருந்ததும் ஓரமெல்லாம் காய்ந்து மறுநாளே பெயர்ந்து வந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு முரட்டுத் தாள். தங்கை அதை எடுத்துப் போட்டோவுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள்.

எட்டு மாசம் ஆகிவிட்டது. நேற்று அவள் கடைக்குப் போனபோது எடுத்துத் தொட்டுப் பார்த்தேன்.

அந்தக் குழிவு... இன்னும் காயவில்லை.